சுபேதார் கலகம் செய்ய மறுத்தார்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் ஒரு சின்ன யுத்தம். காரணம் — டி.வி.

ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடர். தூரத்துக் கிரகம் ஒன்றில் போய்க் குடியேறிய ஜனங்கள். அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு சபை. காவலுக்கு ஒரு படை. ஆபத்து வருகிறது. சபை பேசுகிறது... பேசுகிறது... பேசிக்கொண்டே இருக்கிறது. பொறுமையிழந்த தளபதி, சபையை மொத்தமாக ஓர் அறையில் தள்ளிப் பூட்டிவிட்டு, எல்லாவற்றையும் தானே எடுத்துச் செய்கிறார். ஊர் பிழைக்கிறது.

மாப்பிள்ளை கைதட்டினார். "கரெக்ட்! இவங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா அத்தனை பேரும் போய்ச் சேர்ந்திருப்பாங்க."

"இன்னிக்கு அவங்களைப் பூட்டினான். நாளைக்கு உங்களைப் பூட்டுவான். அப்பவும் கைதட்டுவீங்களா?" என்றாள் மகள்.

வார்த்தை தடித்தது. கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "அம்மா, நீ சொல்லு. யார் செஞ்சது சரி?"

"என்னையும் ஒரு கமாண்டர் அறையில் போட்டுப் பூட்டியிருக்கார். நிலாவில். டி.வி.யில்தான்" என்றேன்.

சண்டை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக வாராவாரம் என்னைப் படிக்கும் உங்களுக்கும் இது புதுச் செய்தி, இல்லையா? ஏனோ இதுவரை எழுதவில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. மெட்ராஸுக்கு டி.வி. வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கறுப்பு வெள்ளை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஓர் இறால் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். வீடு ஆரம்பாக்கத்தில், காலையில் பாசஞ்சர் ரயில். பழவேற்காடு ஏரியில் பிடிபடும் இறால் எங்கள் கம்பெனிக்கு வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு உரிப்பார்கள். உரித்த இறால் உறைந்து, பெட்டிக்குள் போய், கப்பலேறிவிடும்.

எங்கள் லேப் கெமிஸ்ட் கோதண்டனுக்கு நாடகப் பைத்தியம். விண்வெளி நாடகம் ஒன்று எழுதி டி.வி. நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். "எடுத்துக்கொள்கிறோம், நடிகர்களோடு வாருங்கள்" என்று பதில் வந்துவிட்டது. நடிகர்களுக்கு எங்கே போவது? கம்பெனியில்தான் பிடித்தார்.

கதை இதுதான். நிலாவில் ஒரு குடியிருப்பு. ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவி — நான். காற்று குறைந்துகொண்டே வருகிறது. ஒரு பகுதியின் கதவை மூடிவிட்டால் மற்றவர்கள் பிழைக்கலாம் என்கிறார் படைத் தளபதி. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், மூட முடியாது என்கிறேன் நான். தளபதி கலகம் செய்து என்னை அறையில் பூட்டுகிறார். கடைசியில் ஜனங்கள் வந்து கதவை உடைத்து என்னை மீட்கிறார்கள்.

தளபதி வேஷத்துக்குக் கோதண்டன் வேறு யாரையும் யோசிக்கவே இல்லை. எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் நாதமுனி. ஆர்.கே.பேட்டைக்காரர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து, இரண்டு யுத்தம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை 'சுபேதார்' என்றுதான் கூப்பிடும். ஆறடி உயரம், கம்பி போன்ற மீசை. அவர் நடந்து வந்தால் கேன்டீனில் டீ ஆற்றுகிற சத்தம் கூட நின்றுவிடும்.

ஆனால் ஒத்திகையில்தான் ஒரு பிரச்சினை. சுபேதாருக்குக் கலகம் வரவில்லை!

"இனிமேல் இங்கே என் உத்தரவுதான்!" — இதுதான் வசனம். சொல்லிவிட்டு என்னைக் கைது செய்ய வேண்டும். அவர் வருவார். விறைப்பாக நிற்பார். வசனத்தைச் சொல்வார். சொன்ன கையோடு எனக்கு ஒரு சல்யூட் வைப்பார்.

கோதண்டன் தலையில் அடித்துக்கொள்வார். "சுபேதார், கலகம் பண்றவன் எங்கியாவது சல்யூட் அடிப்பானா?"

"அந்தம்மா சிவில் அதாரிட்டி சார். ஜனங்க வச்ச ஆளு. எதுத்துக்கினு நின்னா கை தன்னால மேல போவுது. நான் இன்னா பண்ண?"

"இது நாடகங்க!"

"யூனிபாரம் போட்டுக்கினு இருக்கேனே சார். அது நாடகம் இல்லியே."

உண்மைதான். வேஷத்துக்கென்று தனி உடை தைக்க வழியில்லாததால், கம்பெனி காக்கி உடுப்பிலேயே சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தை நட்சத்திரமாக ஒட்டியிருந்தார்கள். எனக்கு அதே காகிதத்தில் ஒரு தலைப்பட்டை. தலைவி அல்லவா?

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இறால் உரிக்கும் ஹாலுக்கு வெளியே போக ஒரே ஒரு கதவு. வேலை நேரத்தில் அது வெளிப்புறமாகப் பூட்டியிருக்கும். உரித்த இறாலைப் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று மேனேஜருக்குச் சந்தேகம். சங்கு ஊதும் வரை, அவர் வாய்விட்டுச் சொல்லாமல் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது — அதுதான் உத்தரவு. சாவி சுபேதார் இடுப்பில்.

"ஆத்திர அவசரத்துக்கு வெளிய போவணும்னா கூட, அங்க போன் போட்டு, இங்க கேட்டு... இன்னா கர்மம் சுபேதாரு இது? நாங்க பொம்பளைங்களா, ஆடு மாடா?" என்று கன்னியம்மா அவரிடம் சண்டைக்குப் போவாள். ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. கணீரென்ற குரல். அவள் ஹாலுக்குள்ளிருந்து பேசினால் கேட்டிலிருக்கும் வாட்ச்மேன் பதில் சொல்வான்.

"நீ சொல்றது ஞாயந்தாம்மா. மேனேஜராண்ட சொல்லியிருக்கேன். மறுபடியும் சொல்றேன்" என்பார் சுபேதார். சொல்லவும் செய்வார். மேனேஜர் காதில் ஏறாது. கதவு பூட்டியே இருக்கும்.

ரெக்கார்டிங்குக்கு முந்தின வாரம். மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீனில் உடையோடு ஒத்திகை. நிறைய இறால் வந்து குவிந்திருந்ததால் ஹாலில் மட்டும் வேலை நிற்கவில்லை. மேனேஜர் மெட்ராஸ் போயிருந்தார். பொறுப்பு — அசிஸ்டென்ட் மேனேஜர் ரகுராமனிடம். சின்ன வயது. புதிதாகக் கல்யாணமானவர். கெட்டவர் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டேன். பயந்தவர்.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய வெடி ஒன்றும் இல்லை. யாரோ நாற்காலியைத் தரையில் போட்டது மாதிரி. அப்புறம் அந்த நெடி.

குளிர்சாதன மெஷினில் ஓடுகிற அமோனியா. மூக்கில் ஏறினால் மண்டைக்குள் ஊசி இறங்குகிற மாதிரி இருக்கும். கண்ணைத் திறக்க முடியாது. மெஷின் ரூமில் எங்கோ குழாய் விட்டுவிட்டது. மெஷின் ரூமுக்கும் உரிக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவரின் மேல்பக்கம் திறப்பு!

நான் ஸ்விட்ச்போர்டுக்கு ஓடினேன். பின்னாலேயே ரகுராமன். பின்னாலேயே சுபேதார்.

"மேனேஜருக்குப் போன் போடுங்க! லைட்னிங் கால்!" என்று கத்தினார் ரகுராமன்.

மற்ற டிரங்க் கால்களையெல்லாம் முந்திக்கொண்டு போகிற அவசர அழைப்பு அது. போட்டேன். எக்ஸ்சேஞ்சில் எடுத்தார்கள். மெட்ராஸ் லைன் கிடைக்கவில்லை.

அதற்குள் ஹால் பக்கத்திலிருந்து கதவைத் தட்டும் சத்தம். ஒரு கை... பிறகு பல கைகள். எல்லாவற்றுக்கும் மேலே கன்னியம்மாவின் குரல். "தொறங்கடா! கண்ணு எரியுதுடா! மூச்சு வுட முடியலடா!"

சுபேதார் விறைத்து நின்றார். "சார், கதவைத் தொறக்க ஆர்டர் குடுங்க."

"மேனேஜரைக் கேட்காம எப்படிங்க? ஏம்மா, லைன் வந்துதா?"

"இல்லை சார்."

"சார், ஆர்டர் குடுங்க."

"மெஷின் ஆளு வால்வை மூடிடுவான். ஒரு நிமிஷம். இப்பத் தொறந்தா எல்லாரும் முட்டி மோதி ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? வேணாம். தொறக்காதீங்க. இது... இது என் ஆர்டர்."

கதவுச் சத்தம் இன்னும் பலமானது. பிறகு கொஞ்சம் குறைந்தது. குறைந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"சுபேதார், சாவி! ஓடுங்க!" என்று அலறினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தாடை மட்டும் இறுகி இறுகி அசைந்தது. நாடகத்தில் கூட எதிர்த்து நிற்க முடியாத மனுஷன். இவரா திறக்கப் போகிறார்? அவ்வளவுதான், அந்தப் பெண்கள் தீர்ந்தார்கள் என்று நினைத்தேன்.

சுபேதார் ரகுராமனுக்கு ஒரு சல்யூட் வைத்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விசிலை வைத்தார். பெல்ட்டை அவிழ்த்து வைத்தார்.

"சார், நான் வேலைய வுட்டுட்டேன். இனிமே உங்க ஆர்டரு எனுக்கு இல்ல."

சொல்லிவிட்டு — இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது — சாவிக் கொத்தையும் மேஜைமேல் வைத்தார்! கம்பெனிச் சாவியல்லவா? வேலையை விட்டவன் கையில் அது இருக்கலாமா? வைத்துவிட்டு வெளியே பாய்ந்தார். தோட்டக்காரன் கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஹாலை நோக்கி ஓடினார்.

அட மனுஷா! உள்ளே உயிர் போகிறது. இப்போதா நியாயம் பார்ப்பது?

சாவியை எடுக்கக் கையை நீட்டினேன். ரகுராமனின் கை அதன் மேல் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். தலையில் வெள்ளிக் காகிதப் பட்டையோடு நிற்கிற ஒரு டெலிபோன் ஆபரேட்டர். சாவிக் கொத்தை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டார்.

எடுத்துக்கொண்டு ஓடினேன். சுபேதார் ராஜினாமா செய்துவிட்டு ஓடினார். நான் அதுகூடச் செய்யவில்லை!

நான் போய்ச் சேர்ந்தபோது கடப்பாரையைப் பூட்டில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். பூட்டு அசையவில்லை. கைச் சதை கிழிந்து ரத்தம். நான் சாவியைப் போட்டேன். அவசரத்தில் முதல் சாவி தப்பு. அடுத்ததும் தப்பு. "நெட்டச் சாவிம்மா, நெட்டச் சாவி!" என்று அவர் கத்தினார். திருகினேன். கதவு திறந்தது.

பெண்கள் தவழ்ந்து வந்தார்கள். சிலர் ஈரப் புடவையை மூஞ்சியில் கட்டியிருந்தார்கள். கன்னியம்மாதான் இறால் கழுவுகிற தொட்டித் தண்ணீரை வாரி வாரி எல்லார் மேலும் ஊற்றியிருக்கிறாள். அதனால்தான் பிழைத்தார்கள். அவள் மட்டும் வரவில்லை. உள்ளே விழுந்துகிடந்தாள்.

சுபேதார் சட்டையைக் கழற்றித் தொட்டியில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். ஒரு யுகம் போனது மாதிரி இருந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எதிரே ஓடி வந்து அவள் காலைப் பிடித்துத் தாங்கியவர் — ரகுராமன். அழுதுகொண்டே பிடித்தார்.

உயிர்ச் சேதம் இல்லை. வால்வை மூடிய மெஷின்காரர் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்து எழுந்தார். கன்னியம்மாவும் பிழைத்தாள். ஆனால் அந்தக் கணீர்க் குரல் போய்விட்டது. அதன் பிறகு கடைசி வரை அவள் கரகரத்துத்தான் பேசினாள்.

மறுநாள் மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். ரகுராமன், சுபேதார், நான்.

"கவர்மென்ட்லேர்ந்து விசாரணைக்கு வருவாங்க. திறக்கச் சொல்லி கம்பெனி உடனே உத்தரவு குடுத்துதுன்னு சொல்லிடுங்க. எல்லாருக்கும் நல்லது. நாதமுனி, நீங்க வேலையை விட்டதா யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

எனக்குச் சரி என்றுதான் பட்டது. சுபேதாருக்கு வேலை கிடைக்கும். ரகுராமன் தப்பிப்பார். என்ன நஷ்டம்?

ரகுராமன்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் திறக்காதேன்னுதான் சார் சொன்னேன். அதைத்தான் சொல்வேன்."

மேனேஜர் சுபேதார் பக்கம் திரும்பினார். "அவரை விடுங்க. நீங்க நாளைக்கே டியூட்டிக்கு வந்துடுங்க."

"வாணாம் சார். நல்லதுக்குத்தான் மீறினான்னு சொல்லி என்னைத் திரும்ப வச்சுக்கினீங்கன்னா, நாளைக்கு எவன் வேணா நல்லதுக்குத்தான்னு சொல்லிக்கினு மீறுவான். அது பேஜாரு. கையில ஆயுதம் இருக்கறவன் அப்டி நெனைக்கவே கூடாது சார்."

"அப்போ நேத்து செஞ்சது தப்பா?"

"தப்பு இல்ல சார். அதுக்கு வெல இருக்குது. குடுத்துட்டேன்."

என்னை மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஆபரேட்டர் கிடையாது!

ஆனால் அந்தக் கதவுப் பூட்டை எடுத்தது சுபேதாரும் இல்லை, நானும் இல்லை. அந்தப் பெண்கள். கன்னியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். "பூட்டு போனாத்தான் நாங்க உள்ள வருவோம்" என்றாள், அந்தப் போன குரலில். லாரியில் வந்த இறால் வெயிலில் நாற ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் மேனேஜரே வந்து பூட்டைக் கழற்றினார். அதற்கப்புறம் வேலை நேரத்தில் அந்தக் கதவு பூட்டியதே இல்லை.

சரி, நாடகம்?

தளபதி இல்லையே என்று கோதண்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டிங் அன்று காலை டி.வி. நிலையத்து வாசலில் பார்த்தால் — சுபேதார்! ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் கட்டு. யாரிடமோ கேட்டு வாங்கிய கோட்டு ஒன்று. அதிலே வெள்ளிக் காகித நட்சத்திரம்.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் என்பது சாமானியம் இல்லை. நடுவில் ஒருவர் தடுமாறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விளக்குச் சூட்டில் வியர்வை ஆறாக ஓடியது. சல்யூட் அடித்துத் தொலைக்கப் போகிறாரே என்று கோதண்டன் கேமராவுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

கலகக் காட்சி வந்தது. சுபேதார் என்னை நோக்கி நடந்து வந்தார். முகத்துக்கு நேரே நின்றார். "இனிமேல் இங்கே என் உத்தரவுதான்!"

அந்தக் குரல்! நான் நிஜமாகவே ஓரடி பின்வாங்கினேன். என் அடுத்த வசனம் நாக்கில் ஒட்டிக்கொண்டு, தட்டுத் தடுமாறித்தான் வெளியே வந்தது. அதையும் நடிப்பு என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

முடிந்ததும் கேட்டேன். "என்ன சுபேதார், இன்னிக்கு மட்டும் கலகம் வந்துடுச்சே?"

மீசைக்குள் சிரித்தார். "இப்ப யூனிபாரம் இல்லியேம்மா. நான் சிவிலியனு. இன்னா வேணா நடிக்கலாம்."

நாடகம் ஒளிபரப்பான அன்று கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ரேடியோ கடை வாசலில் கூட்டம். ஏரிக்கரைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். திரையில் சுபேதார் என்னைப் பிடித்துத் தள்ளியபோது, "அடப்பாவி! நல்லா இருப்பியா நீ?" என்று கன்னியம்மா கரகரத்த குரலில் மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நான் நிற்பது கூட அவளுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை இந்த இடத்தில் குறுக்கிட்டார். "அத்தை, அவர் மீறினதாலதானே பெண்கள் பிழைச்சாங்க? அப்போ நான் சொன்னதுதானே சரி?"

"அவர் மீறினார், உண்மைதான். ஆனா அதிகாரத்தைக் கழற்றி வச்சுட்டு மீறினார். உங்க தளபதி அதைப் பிடுங்கி வச்சுக்கிட்டு மீறினார்" என்றாள் மகள். நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சுபேதாரை அப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பல வருஷம் கழித்து, ஆடி மாதம், பெரியபாளையம் கோயில் கூட்டத்தில். மீசை வெளுத்திருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பதாகச் சொன்னார்.

"பொழுது எப்படிப் போகுது சுபேதார்?"

"எங்க தெருவுல வெளக்கு எரியறதில்லம்மா. வாரா வாரம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் ஏன்யான்னு கேட்டுக்கினு இருக்கேன். என்னைப் பாத்தாலே அங்க எல்லாரும் ஒளிஞ்சுக்கறானுங்க. பட்டாளத்துல கேள்வி கேட்டா தப்பு. இங்க கேக்காம இருந்தாத்தான் தப்பு. இதுவும் நல்லாத்தாம்மா இருக்குது!"

சொல்லிவிட்டுப் பேரப் பிள்ளைகளோடு கூட்டத்தில் கலந்துவிட்டார்.

விளக்கு எரிந்ததா? அதைத்தான் நான் கேட்கவில்லை... தப்புதான்.